பதம்: வயலுக்கும் பானைக்கும் ஒரே சொல்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோம். இங்கே பதம் என்பது உணவு உண்ணத்தக்க நிலையை அடைவதைக் குறிக்கிறது.

'சொல்', 'அடி' என்னும் பொருள்களில் வழங்கும் பதம் வடமொழியிலிருந்து வந்தது. நாம் பேசும் பதம் வேறு. கன்னடத்தில் 'ஹத' என்றும் தெலுங்கில் 'பதனு' என்றும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. தெலுங்கர் உழுவதற்கேற்ற மண் ஈரத்தையும் பதனு என்பர். நாமும் ஈரப்பதம், உழவுப் பதம் என்கிறோம். பழந்தமிழில் பதம் என்பது சோற்றையும் உணவையும் குறித்தது. இதே கருத்தைத் தரும் 'பக்குவம்' என்ற சொல்லோ, சமைத்தது, பழுத்தது என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்தது.

ஆகவே, ஒரு பொருள் உணவாவது அதன் இயல்பினால் மட்டுமன்று. அதை உரிய நிலைக்குக் கொண்டுவரும் நம் கையினாலும் ஆகும்.

மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். அதை வெட்டும்போதும் நசுக்கும்போதும் ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு வெளிப்படுகிறது. தோலை நன்றாக நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாத பானையில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். நஞ்சின் பெரும்பகுதி ஆவியோடும் நீரோடும் போய்விடும். கிண்டிய கிழங்கை நாட்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கசக்கும் கிழங்கை வெறுமனே அவித்து உண்ணவே கூடாது.

நிலக்கடலையின் பதம் வெயிலில் இருக்கிறது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து அஃபிளாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் அவித்தாலும் அது முற்றாக அழியாது. பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள்.

சொந்த ஊரில் எந்தக் கிழங்கு கசக்கும், எது இனிக்கும் என்பதை நாம் அறிந்திருந்தோம். இடம்பெயர்ந்து வந்த மண்ணில் அந்த அறிவு உடன் வராது. பசி அவசரப்படுத்தும்போதுதான் தவறு நேர்கிறது. எனவே, தெரியாத கிழங்கையோ கீரையையோ அடுப்பில் ஏற்றுமுன் அவ்வூர் முதியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாததை உண்ணாதீர்கள். நீங்கள் அறிந்த பதங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

காணி கைவிட்டுப் போனாலும், பதம் அறிந்த கை நம்மோடு இருக்கிறது.