கோர்த்: மதில், செங்கல், நீலச்சாயம்

தென் பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, செரூ என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கில் தனியாக ஒரு குன்று எழும்பி நிற்கிறது. அதன் உச்சியில் கோர்த் என்ற ஊர். இலையுதிர் கால விடியலில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பிவிடும். வீடுகளின் கூரைகள் மட்டும் பனிக்கு மேலே மிதப்பதுபோல் தெரியும். இந்தக் காட்சியால்தான் 1993இல் ஊரின் பெயரையே அதிகாரபூர்வமாக 'கோர்த் சுர் சியேல்' என்று மாற்றினார்கள். வானத்தின் மேல் கோர்த் என்று பொருள்.

பெயரிலிருந்தே தெரிகிறது, ஊர் இப்போது அழகை நம்பிப் பிழைக்கிறது. போகிறவர்களும் படம் எடுத்துக்கொண்டு, "அடடா, கதைப்புத்தகம் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினால் அதே தெரு வேறு மாதிரி தெரியும். ஒன்று, இவ்வளவு செங்குத்தான இடத்தில் ஏன் ஊர் கட்டினார்கள்? இரண்டு, எழுநூறு வருடத்துக்கு முந்தைய வீடுகள் இடிபடாமல் எப்படி மிஞ்சின?

முதல் கேள்விக்குப் பதில், போர். 12ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் காத்தர்கள் என்று நாம் இன்று அழைக்கும் கிறிஸ்தவப் பிரிவினர் வேரூன்றியிருந்தார்கள். நல்லது ஒரு சக்தியிலிருந்தும், இந்த உலகமும் உடலும் இன்னொரு தீய சக்தியிலிருந்தும் வந்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. திருச்சபையின் சடங்குகளை அவர்கள் ஏற்கவில்லை. போப் மூன்றாம் இன்னசென்ட் இவர்கள் மீது சிலுவைப்போர் அறிவித்தார். ஜெருசலேமை நோக்கி அல்ல, ஐரோப்பாவுக்கு உள்ளேயே, கிறிஸ்தவர்கள் மீது கிறிஸ்தவர்கள் தொடுத்த சிலுவைப்போர். 1209இல் பெசியே நகரத்தில் நடந்த படுகொலையுடன் அது தொடங்கியது. படைத்தலைவன் சிமோன் த மோன்ஃபோர் 1212இல் கோர்த்துக்குப் பக்கத்திலிருந்த சேன் மார்செல் ஊரை அழித்தான். அவனே 1218இல் துலூஸ் முற்றுகையில் இறந்துபோனான்.

துலூஸின் கோமகன் ஏழாம் ரேமோன் கோர்த்தை நிறுவிய சாசனத்தின் தேதி 1222 நவம்பர் 4. இப்படித் திட்டமிட்டு, சலுகை கொடுத்து, ஆட்களை வரவழைத்துக் கட்டிய புது ஊர்களுக்குப் பிரான்சில் 'பாஸ்டீட்' என்று பெயர். அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கோர்த்தைச் சொல்வார்கள். சாசனம் குடியேறுகிறவர்களுக்கு வரிவிலக்குகளைத் தந்தது. போரில் வீடிழந்த ஜனங்களுக்கு அது பெரிய விஷயம். கோமகனுக்கு உயரமான ஓர் அரண் கிடைத்தது, ஜனங்களுக்கு ஒரு கூரை கிடைத்தது.

மேற்குப் பக்கம் ஏறினால் முதலில் ஜான் வாசல் வரும். அதை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே வந்தால், 'முடிஞ்சுது' என்று மூச்சுவிடும்போது எதிரே ஓர்மோ வாசல் இரண்டு வட்டக் கோபுரங்களோடு நிற்கும். மதிலுக்குள் மதில். சந்தைக்கூடத்தில் ஒரு கிணறு இருக்கிறது. ஆழம் நூறு மீட்டருக்கும் மேல். குன்றின் உச்சியிலிருந்து பாறையைக் குடைந்து அவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள் என்றால், முற்றுகைக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கிணற்றைச் சுற்றி ஒரு கதை உண்டு. விசாரிக்க வந்த மூன்று இன்க்விசிஷன் அதிகாரிகளை ஊர்க்காரர்கள் அடித்து இதில் தள்ளிவிட்டார்கள் என்பார்கள். (இன்க்விசிஷன் என்பது மத விரோதிகளைக் கண்டுபிடித்துத் தண்டிக்கத் திருச்சபை அமைத்த விசாரணை மன்றம்.) வரலாற்றாசிரியர்கள் இதைக் கட்டுக்கதை என்றே கருதுகிறார்கள். ஆனால் வெறும் கற்பனையில் முளைத்த கதை அல்ல. 1234இல் பக்கத்து ஆல்பி நகரத்தில், இறந்துபோனவர்களின் எலும்புகளைத் தோண்டி எரிக்க முயன்ற விசாரணை அதிகாரி ஆர்னோ கத்தலாவை ஜனங்கள் நிஜமாகவே அடித்து இழுத்துப் போனார்கள். அவர் உயிர் தப்பினார். கோர்த் மக்களும் பின்னாளில் ஆல்பிக்காரர்களோடு சேர்ந்து ஆயரையும் விசாரணை மன்றத்தையும் எதிர்த்தார்கள். 1321இல் மன்னிப்புக் கேட்டுப் பணிய வேண்டியதாயிற்று. ஆக, சம்பவம் பொய்யாக இருந்தாலும் கோபம் உண்மை. ஆவணங்கள் பெரும்பாலும் ஜெயித்தவர்கள் எழுதியவை. தோற்றவர்களின் கோபம் இந்த மாதிரி கதைகளில்தான் தங்கியிருக்கும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, வழிகாட்டிப் புத்தகங்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. போர் 1229லேயே முடிந்துவிட்டது. ரேமோன் பிரெஞ்சு அரசனிடம் பணிந்தான். அவன் மகள் ஜானும் அவள் கணவனும் (அரசனின் தம்பி அவன்) 1271இல் வாரிசில்லாமல் இறந்ததும் நாடு முழுக்க அரசனுக்குப் போயிற்று. கோர்த்தின் புகழ்பெற்ற கோதிக் மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிறகு, 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14இன் தொடக்கத்திலும் எழுந்தவை. யாருடைய படைக்குப் பயந்து மதில் கட்டினார்களோ, அவர்களுடைய ஆட்சியின் அமைதியில்தான் வீடுகள் கட்டினார்கள். துணியும் தோலும் கொண்டுவந்த காசு. தரைத்தளத்தில் அகலமான வளைவுகள் கடைக்கு, மேல்தளங்கள் குடியிருக்க. நம்மூர் கடைத்தெரு வீடுகளின் ஏற்பாடுதான்.

இந்த வீடுகளில் ஒன்றின் பெயர் 'பெரிய வேட்டைத் தலைவர் மாளிகை'. முகப்பில் நாய், பன்றி, மான், குதிரைவீரன் என்று வேட்டைக் காட்சி முழுசாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயரைக் கேட்டு அரசவை அதிகாரி யாரோ அங்கே வாழ்ந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். சிற்பத்தைப் பார்த்துப் பின்னாளில் வைத்த பெயர் அது. கட்டியவர்கள் வியாபாரிகள்.

கோர்த்திலிருந்து 25 கிலோமீட்டரில் ஆல்பி. அங்குள்ள செயின்ட் சிசிலியா பேராலயத்தைப் பார்க்காமல் கோர்த்தின் கதை பாதிதான். கட்டுமானம் தொடங்கியது 1282. முழுக்கச் செங்கல். கல் அருகில் கிடைக்காது, களிமண் தாராளம் என்பது ஒரு காரணம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் என்று தோன்றாது, கோட்டை என்றுதான் தோன்றும். வழவழப்பான உயர்ந்த சுவர், ஒடுக்கமான ஜன்னல்கள், 78 மீட்டர் கோபுரம். தொடங்கிவைத்த ஆயர் பெர்னார் த கஸ்தானே விசாரணை மன்றத்தின் ஆளாகவும் இருந்தவர். 1299-1300இல் ஆல்பியின் வசதியான குடிமக்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை மதத்துரோகக் குற்றம் சாட்டித் தண்டித்தார். அந்தச் சுவரின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அது யாரை நோக்கிப் பேசுகிறது என்று சுலபமாகப் புரியும். உள்ளே போனால் நேர்மாறு, சுவரெல்லாம் வண்ணம். 15ஆம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான 'இறுதித் தீர்ப்பு' ஓவியம் அங்கே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிற்றாலயத்துக்கு வழி திறக்க அதன் நடுப்பகுதியை வெட்டிவிட்டார்கள். தண்டனைகள் இருக்கின்றன, தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை.

சுற்றியுள்ள வயல்வெளிக்கும் ஒரு கதை உண்டு, அதில் நமக்கும் பங்கிருக்கிறது. ஆல்பி, துலூஸ், கார்க்கசோன் மூன்றுக்கும் நடுவே 15, 16ஆம் நூற்றாண்டுகளில் 'பாஸ்டெல்' என்ற செடி பயிரானது. மஞ்சள் பூ, ஆனால் இலையில் நீலச்சாயம். இலையை ஆலையில் அரைத்து, உருண்டை பிடித்துக் காயவைத்து, பிறகு நனைத்துப் புளிக்கவைப்பார்கள். உருண்டைக்குப் பெயர் 'கொக்காங்'. செழிப்பான நாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கொக்காங் நாடு' என்று சொல்வதை இந்த உருண்டையோடு இணைத்து இங்கே சொல்வது வழக்கம். ஆல்பியில் ரெனேஸ் மாளிகையைக் கட்டியவர் ஒரு பாஸ்டெல் வியாபாரிதான்.

இந்தச் செல்வம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சரிந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் உள்நாட்டுப் போர்கள் ஒரு காரணம். அதன்பின் கடல்வழியாக வந்த அவுரி நீலம் எழவிடவில்லை. இரண்டு செடியிலும் இருப்பது ஒரே நீலப்பொருள், ஆனால் அவுரியில் அது பல மடங்கு அதிகம். குஜராத்தும் வட இந்தியாவும் பெரிய மூலங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வியாபாரிகள் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஏற்றிப்போனார்கள். பிரெஞ்சு அரசன் நான்காம் ஆன்றி 1609இல் அவுரியைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே உத்தரவு போட்டான். ஒண்ணும் நடக்கவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகும் அதே அவுரிதான்!

இனி இரண்டாவது கேள்வி. வீடுகள் ஏன் மிஞ்சின? ஊர்க்காரர்கள் பழமையைப் போற்றியதால் அல்ல. காசு இல்லாததால். கொள்ளைநோய்கள், போர்கள், கைமாறிப்போன வாணிபம் எல்லாம் சேர்ந்து ஊரை ஒடுக்கின. 1681இல் திறந்த மிதி கால்வாய் வாணிபத்தைத் தெற்கே வெகுதூரம் இழுத்துக்கொண்டது. பணம் இருந்த ஊர்களில் பழைய வீட்டை இடித்து அந்தந்தக் காலத்து மோஸ்தரில் புதிதாகக் கட்டினார்கள். கோர்த்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரசு வரலாற்றுச் சின்னங்களைப் பட்டியலிடத் தொடங்கியபோது, வறுமை பாதுகாத்து வைத்ததுதான் பாரம்பரியமாகக் கிடைத்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எம்பிராய்டரி இயந்திரங்கள் கொஞ்ச காலம் சோறு போட்டன. அதன்பிறகு ஓவியர்களும் சுற்றுலாவும்.

பழுதுபார்த்தலையும் கவனிக்க வேண்டும். அவேரோன் ஆற்றங்கரையில் உள்ள சேன்த் அந்தோனேன் ஊரில் 12ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது. பிரான்சின் மிகப் பழைய பொதுக் கட்டடங்களில் ஒன்று. அதன் கோபுரத்தை மட்டும் பார்த்தால் இத்தாலி ஞாபகம் வரும். காரணம், அது 19ஆம் நூற்றாண்டில் வியோலே லெ துக் என்ற கட்டடக்கலைஞர் சேர்த்தது. 'இடைக்காலம்' என்று நாம் பார்ப்பதில் எவ்வளவு அந்தக் காலம், எவ்வளவு 19ஆம் நூற்றாண்டின் ஆசை என்று கேட்டுக்கொண்டே நடப்பது நல்லது.

போகிறவர்களுக்கு என் யோசனை இது. முதல் நாள் ஆல்பி, அதிகாரத்தின் பக்கம். மறுநாள் கோர்த், அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுங்கள். அந்த மூச்சிரைப்பில்தான் 1222இன் தர்க்கம் புரியும். மூன்றாம் நாள் கிரேசீன் காடு. 17ஆம் நூற்றாண்டில் அரசனின் போர்க்கப்பல்களுக்கு ஓக் மரம் கொடுத்த காடு அது. அங்கிருந்து அவேரோன் பள்ளத்தாக்கு வழியாகச் சேன்த் அந்தோனேன்.

கோர்த்தில் இன்று நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. மாளிகைகள் கட்டப்பட்ட காலத்தில் இதைப்போலப் பல மடங்கு. படையெடுப்பைத் தடுக்க மதில் கட்டலாம், இளைஞர்கள் வேலை தேடி இறங்கிப்போவதைத் தடுக்க மதில் கிடையாது. அதனால் அங்கே போனால் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு ராத்திரி தங்குங்கள், ரொட்டியோ ஒயினோ ஊர்க்காரர்களிடம் வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள். கல்லைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. அந்த வீடுகளில் விளக்கெரிய ஆட்கள்தான் வேண்டும்.