தோட்டத்திற்குக் குளோரின் நீர் ஆகுமா?

சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களில் மாடித்தோட்டம் வளர்ப்போர் சிலர், மண்ணின் நுண்ணுயிர்கள் மடியுமே என்றஞ்சி, வீட்டு நீர்த்தொட்டியில் குளோரின் இடுவதையே நிறுத்த எண்ணுவதுண்டு. நிறுத்தலாகாது, வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு முதலியவற்றைத் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி, குழாய் நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். இச்சிற்றளவு மண்ணின் மட்கில் பட்டதும் செயலிழக்கும்; செடிக்குத் தீங்கில்லை.

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தைக் கரைக்க மட்டும், அகன்ற வாளியில் ஓர் இரவு வைத்த நீரைக் கொள்ளுங்கள். குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். வாளியை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிநீரில் முட்டையிடும். அந்நீரைப் பருகாதீர்கள், மறுநாளே செடிகளுக்கு ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.

நோயெதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு, அத்தோட்டத்துக் கீரையைக் குழாய் நீரில் நன்கு கழுவி, வேகவைத்தே அளியுங்கள்.