மாமூலுக்கும் 20 ஆண்டு

தெருமுனைப் பெட்டிக்கடையில் கஞ்சாப் பொட்டலம் கிடைக்கும் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். காவல் நிலையத்தில் போய்ச் சொல்லத்தான் ஆளிருக்காது. சொன்னவர் பெயர் பொழுது சாய்வதற்குள் விற்பவன் காதுக்குப் போய், மறுநாள் அரிவாளோடு வாசலில் வந்து நிற்பான் என்ற பயம். வீண்பயம் என்று அதைத் தள்ள எனக்கு மனமில்லை. மாமூல் போய்ச் சேருகிற இடத்தில்தான் அரிவாளுக்குத் துணிச்சல் வருகிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 59ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடத்தலுக்கு உடந்தையாகும் அதிகாரிக்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தியவனுக்கும் இதே தண்டனைதான். ஆனால் அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். அங்கேதான் பிரிவு தூங்கிப்போகிறது.

மாட்டுவதென்னவோ பை தூக்கும் பையன். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலிலும் லாரியிலும் தெற்கே வருகிறது; ஒரு பகுதி ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் படகேறி இலங்கைக்குப் போகிறது. “இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு, அவ்வளவுதான் தம்பி” என்பார்கள். சரக்கு 20 கிலோவைத் தாண்டினால் ஜாமீன் குதிரைக்கொம்பு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதை அவனேதான் நிரூபிக்க வேண்டும்.

உடலைச் சோதிக்க வந்தால், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கலாம். இந்த உரிமையைச் சோதிக்க வருபவரே எடுத்துச் சொல்லியாக வேண்டும், 50ஆம் பிரிவு. கையிலிருக்கும் பைக்கு இது பொருந்தாது. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுப் பிள்ளையே பழக்கத்தில் விழுந்திருந்தால் மூடி மறைக்காதீர்கள். அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தால், சிறிய அளவுக்கான வழக்கிலிருந்து 64ஏ பிரிவு காப்பாற்றும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்கலாம். ஆலோசனைக்கு 14446.

உள்ளூர் நிலையத்தில் சொல்லத் தயக்கமா? 1933க்கு அழையுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தந்தது யார் என்று வெளியிடும்படி எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 68ஆம் பிரிவு.