நிறம் தரும் ஹார்மோனின் கடைசி மூன்று கண்ணிகள்

தலைப்பிரட்டையின் பிட்யூட்டரி சுரப்பியை அகற்றிவிட்டால் அதன் உடல் வெளிறிப்போகும். 1916இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டபோது, நிறத்தை ஆளும் ஏதோ ஒரு பொருள் அந்தச் சுரப்பியில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இன்று அதற்கு ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்று பெயர். 13 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சின்ன பெப்டைடு இது. நம் தோலிலும் மெலனின் நிறமியைக் கூட்டுகிறது.

பிறகு தெரியவந்த விஷயம்தான் சுவாரசியம். இதே ஹார்மோன் அழற்சியையும் தணிக்கிறது. காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. நோயெதிர்ப்புச் செல்களுக்குள் அதை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா பி என்ற புரதத்தை இந்த ஹார்மோன் அடக்குகிறது.

அப்படியானால் மருந்தாகவே கொடுத்துவிடலாமே? கொடுத்தால் தோல் கறுக்கும். போதாததற்கு, ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்தும்விடும்.

ஆகவே ஹார்மோனைத் துண்டு போட்டுப் பார்த்தார்கள். நிறம் கூட்டும் வேலைக்கு நடுவில் உள்ள நான்கு அமினோ அமிலங்கள் தேவை. வால் பகுதியில் உள்ள லைசின், புரோலின், வாலின் மூன்றையும் மட்டும் வெட்டி எடுத்தால் நிறம் கூட்டும் ஆற்றல் போய்விடுகிறது. அழற்சியைத் தணிக்கும் குணம் மிஞ்சுகிறது. இந்தத் துண்டுதான் கே.பி.வி.

2008இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு, பெருங்குடல் புண்ணான எலிகளுக்கு இதைக் குடிநீரில் கலந்து கொடுத்தது. அழற்சி குறைந்தது. காரணம் இன்னும் அழகு. பெப்டி1 என்ற புரதம் சிறு பெப்டைடுகளைக் குடல் செல்லுக்குள் ஏற்றிவிடும் வாசல். நலமான பெருங்குடலில் அது அரிது; அழற்சி கண்ட பெருங்குடலில் பெருகுகிறது. நோய் திறந்துவிட்ட வாசல் வழியாகவே மருந்தும் நுழைகிறது!

இதெல்லாம் செல்களிலும் எலிகளிலும் கண்டது. மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து, மருந்தாக ஒப்புதல் பெறும் நிலையை கே.பி.வி. எட்டவில்லை. ஒப்புதல் பெற்றது அதே ஹார்மோனின் இன்னொரு வாரிசான அஃபமெலனோடைட். ஐரோப்பாவில் 2014இல், அமெரிக்காவில் 2019இல். வெயில் பட்டாலே தோல் தாங்கமுடியாமல் வலிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு, அரிசிமணி அளவில் தோலடியில் பதிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கே.பி.வி.க்காக வெட்டி எறிந்த அந்த நிறம் கூட்டும் குணம்தான் இங்கே மருந்து.

கே.பி.வி.யோ இணையக் கடைகளில் தூளாகவும் மாத்திரையாகவும் ஏற்கெனவே விற்பனையாகிறது. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற சீட்டு ஒட்டிய குப்பிகளையும் வாங்கித் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குப்பிக்குள் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சுத்தம் என்று எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சோதித்துச் சான்று தந்ததில்லை.