சக்கர நாற்காலியும் கடல் கடக்கும்



கோடை விடுமுறை நெருங்கியதும் இல்லங்கள்தோறும் பயணப் பேச்சு எழுகின்றது. ஆனால் நடக்க இயலாத மகனோ, பக்கவாதத்தால் தளர்ந்த தாயாரோ உள்ள குடும்பத்தில் அப்பேச்சு எழும்போதே அடங்கிவிடுகின்றது. “அவனை எப்படி அழைத்துச் செல்வது?” என்ற ஒரே கேள்வியில் திட்டம் முடிவடைகின்றது. அன்றேல், அவரை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏனையோர் புறப்படுகின்றனர். அவருக்கு மிஞ்சுவது அவர்கள் கொண்டுவரும் புகைப்படங்களே.

ஓய்வும் உல்லாசமும் நலமுடையோர்க்கு மட்டுமே உரியனவா? 2006-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் 30-ஆம் பிரிவில் இதற்கு விடை பகர்கின்றது. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறுவதும், சுற்றுலா இடங்களுக்குச் செல்வதும் அவர்களுடைய உரிமை என்கிறது. இந்தியா 2007-இல் இதனை உறுதிசெய்து ஏற்றது.

இவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வந்த வெப்பமண்டலத் தீவு ஒன்று உண்டு. அது சிங்கப்பூர். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் தொடக்கத்தில் அங்கும் நிலைமை வேறு. 1987-இல் நகர இரயில் ஓடத் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அதில் இடமில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1981-இல், உலக மாற்றுத்திறனாளர் அமைப்பு அதே நகரில்தான் தோன்றியிருந்தது! அதன் முதல் தலைவர், பார்வையிழந்தவரான ரான் சந்திரன்-டட்லி என்னும் சிங்கப்பூரர். அவரும் அவரையொத்தோரும் இடைவிடாது குரல் கொடுத்தனர். பின்னர் நிலையங்களில் லிப்டுகள் அமைக்கப்பட்டன. 2006-இல் சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் வரத் தொடங்கின. 2020 டிசம்பருக்குள் பொதுப் பேருந்துகள் அனைத்தும் அவ்வாறே ஆயின. ஓட்டுநரே இறங்கிச் சாய்தளப் பலகையை விரித்து, பயணியை ஏற்றிக்கொள்கின்றார்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. இவ்வசதிகள் சுற்றுலாப் பயணியரின் பொருட்டு எழுந்தவை அல்ல. அந்நாட்டு மக்கள் பள்ளிக்கும் பணிக்கும் செல்வதற்காகப் போராடிப் பெற்றவை. தன் மக்களுக்கு வழி திறந்த ஊரே விருந்தினர்க்கும் வழி திறக்கின்றது.

அங்கே காணத்தக்கவை எவை? 2012-இல் திறக்கப்பட்ட ‘கார்டன்ஸ் பை தி பே’ பூங்காவின் குளிரூட்டப்பெற்ற கண்ணாடி மாளிகைகளில் நாற்காலியிலிருந்தே மலர்களைக் கண்டு களிக்கலாம். அவற்றுள் ஒன்றில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலை உண்டு. அதன் உச்சிக்கு லிப்ட் செல்கின்றது. ‘ஈஸ்ட் கோஸ்ட்’ பூங்காவில் கடலோரமாக, மர நிழலில், சமமான பாதை நெடுந்தொலைவு நீள்கின்றது. மணலில் சாதாரணச் சக்கரம் புதைந்துவிடும். எனவே இத்தகைய பாதையின் அருமை சொல்லாமலே விளங்கும். செந்தோசா தீவுக்கு ஒற்றைத்தண்டவாள இரயில் செல்கின்றது. ஆனால் புலாவ் உபின் தீவுக்குச் சிறு படகில் ஏறி இறங்க வேண்டும். அது எல்லார்க்கும் இயலாது.

புறப்படுமுன் கருத வேண்டியவை சில:

முதலாவது, விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அறிவியுங்கள். பயணி படியேற வல்லவரா, சமதளத்தில் மட்டும் நடக்க வல்லவரா, இருக்கைவரை தூக்கிச் செல்லப்பட வேண்டியவரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் உதவி வெவ்வேறு. மின்கல நாற்காலியாயின் மின்கலத்தின் வகையையும் கூறவேண்டும்.

இரண்டாவது, விடுதியினர் “வசதி உண்டு” எனச் சொல்வதோடு அமையாதீர்கள். அறைக் கதவின் அகலம் எவ்வளவு, குளியலறை வாயிலில் படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாற்காலியின் அகலத்தை முன்னரே அளந்து வையுங்கள்.

மூன்றாவது, வெயிலும் புழுக்கமும் மிகுந்த தீவு அது. காலையும் மாலையும் வெளியே செல்வதும், நண்பகலில் இளைப்பாறுவதும் நலம். நாளொன்றுக்கு ஓரிடம் போதும்.

செலவு மிகுந்த நகரம் என்பதையும் மறைப்பதற்கில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் கடல் கடக்கும் வாய்ப்பு அமையாது. ஆயினும் மேற்கூறிய கேள்விகளை அருகிலுள்ள கடற்கரைக்கும் மலையூருக்கும் புறப்படுமுன்னும் கேட்கலாம். பலர் கேட்கக் கேட்கவே படிக்கட்டின் அருகில் சாய்தளம் எழும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, எங்கே செல்வது என்பதை அவரையன்றி முடிவுசெய்யாதீர்கள். அவர் தூக்கிச் செல்லப்படும் சுமை அல்லர்; உடன் வரும் பயணி. இவ்விடுமுறைக்கு எதைக் காண விரும்புகின்றார் என்று முதலில் அவரையே கேளுங்கள்.