பீட்சா கடையில் 'அல்வா'!

அல்வாவுக்குப் பேர் போன ஊர் நெல்லை. அந்த ஊர்க்காரருக்கே ஒரு பீட்சா கடையில் 'அல்வா' கொடுத்து அனுப்பினால் எப்படி இருக்கும்?

தச்சநல்லூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு அதுதான் நடந்தது.

"பிளஸ்-2-வில நல்ல மார்க் எடு, பீட்சா வாங்கித் தாறேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். மகள் மார்க் எடுத்தாள். மனைவி, மகன், மகள் சகிதம் பளபளக்கும் ஏ.சி. பீட்சா ஓட்டலுக்குப் போனார்.

பன்னிரண்டு மேஜைக்கு இரண்டே பையன்கள். தண்ணீர் கேட்டால், "சாதா தண்ணி இல்ல சார், பாட்டில்தான்" என்று பதில்.

முக்கால் மணி நேரம் கழித்து பீட்சா வந்தது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று! ஓரம் அப்பளம், நடுவில் ஈரம். மேலே இருந்த சீஸ் ஆறிப்போய் ரப்பராக இழுத்தது.

"என்னப்பா இது?" என்றார் அண்ணாச்சி.

"எங்க ஸ்டைலே இதுதான் சார்" என்றான் பையன்.

தோசைக்கு உள்ள நியாயம்

பீட்சா ஒன்றும் மகாராஜா சாப்பாடு அல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் வாங்கித் தின்ற பண்டம். அந்த ஊர்க்காரர்கள் பீட்சா சுடும் கலையை 2017-ல் யுனெஸ்கோ தனது பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

நம் தோசைக்கு உள்ள நியாயம்தான் அதற்கும். மாவு பல மணி நேரம் பொங்க வேண்டும். அடுப்பு நெருப்பாகக் காய வேண்டும். நேப்பிள்ஸ் விறகு அடுப்பில் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடும். எடுத்த சூட்டில் தின்ன வேண்டும். ஆறினால் மாவு தோலாகும், சீஸ் இறுகும்.

நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடையில் ஏ.சி. கிடையாது, சொகுசு நாற்காலி கிடையாது. ஆனாலும் கூட்டம் நிற்கிறது. காரணம், சரக்கு!

பில்லைப் பாருங்கள்

அண்ணாச்சிக்கு வந்த பில் இது:

சாப்பாடு ரூ.1,400. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ரூ.140. இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.77. மொத்தம் ரூ.1,617!

சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் ரூ.1,470-தான். வித்தியாசம் ரூ.147.

"சர்வீசே இல்ல, சர்வீஸ் சார்ஜ் எதுக்குப்பா?"

"கம்ப்யூட்டர் போடுது சார். எடுக்க முடியாது."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விடுங்கப்பா, எல்லாரும் பாக்காங்க" என்றாள் மகள். அண்ணாச்சி பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

"147 ரூபாய்க்காகச் சொல்லல. எங் கடையில கிலோ பருப்புல 50 கிராம் குறைஞ்சா யாராவது சும்மா விடுவாங்களா?" என்கிறார்.

நியாயமான கேள்விதானே!

கோர்ட்டு சொன்னது

ஜி.எஸ்.டி. என்பது அரசாங்க வரி. கட்டித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. டிப்ஸ் பரிமாறுகிறவர் கைக்குப் போகிறது. சர்வீஸ் சார்ஜ் போவது முதலாளி கல்லாவுக்கு.

அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, சாப்பாட்டுப் பில்லோடு கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந்தேதி உத்தரவிட்டது.

ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந்தேதி தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் உத்தரவு செல்லும், கட்டாய வசூல் கூடாது என்று நீதிபதி பிரதிபா சிங் கூறினார். வழக்குப் போட்ட இரு சங்கங்களுக்கும் தலா ரூ.1 லட்சம் செலவுத்தொகை விதித்தார். அதை எதிர்த்து சங்கங்கள் அப்பீலுக்கும் போயின.

ஊறுகாய்க்கு ரூ.35 ஆயிரம்!

"சின்ன விஷயத்துக்குக் கோர்ட்டா?" என்று கேட்பவர்கள் விழுப்புரம் கதையைக் கேளுங்கள்.

2022 நவம்பரில் ஒருவர் உறவினரின் நினைவு நாளுக்காக 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒன்று ரூ.80; மொத்தம் ரூ.2 ஆயிரம். பிரித்துப் பார்த்தால் ஊறுகாயைக் காணோம்! ஒரு பொட்டலம் ஒரு ரூபாய்தான். கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வழக்குப் போட்டார்.

2024-ல் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு, நஷ்டஈடு ரூ.30 ஆயிரம், வழக்குச் செலவு ரூ.5 ஆயிரம், ஊறுகாய்க்கு ரூ.25 கொடுக்கும்படி ஓட்டலுக்கு உத்தரவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

ருசி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். ஆனால் கேட்டது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால், அது சேவைக் குறைபாடு. சாப்பிடும் முன்பே சொல்லுங்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள். போட்டோ எடுங்கள்.

சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லுங்கள். பரிமாறும் பையனிடம் சண்டை வேண்டாம்; மானேஜரைக் கூப்பிடுங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

அப்படியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு துண்டுக் காகிதம்தான். அடுத்த முறை ஓட்டலுக்குப் போனால், கை துடைத்த பேப்பரோடு பில்லையும் கசக்கிப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்!