பொட்டலத்தைப் பிரித்தால் ஆறு சத்தம்!

ஹீரோ முன்னால் நின்று வசனம் பேசுவார். ஹெலிகாப்டரோ நம் முதுகுக்குப் பின்னால் பறக்கும். சோபாவில் சாய்ந்திருக்கும் மாமா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்!

இந்த வித்தைக்குப் பெயர் 5.1. இடது, நடு, வலது, பின்னால் இரண்டு... ஆக ஐந்து. குண்டு வெடித்தால் நெஞ்சுக்குள் 'தும்' என்கிறதே, அந்த சப் ஊஃபர்தான் 'பாயின்ட் ஒன்'. மொத்தம் ஆறு தனித்தனி ஒலிகள்.

கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 48,000 முறை, தடவைக்கு 16 பிட், ஆறு ஒலி... விநாடிக்கு 46 லட்சம் பிட்டுக்கு மேல்! 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டல், டி.வி.டி.யில் இதை அதிகபட்சம் 4,48,000-க்குள் அடக்கிவிடுகிறது. மானேஜர் கத்தும்போது பக்கத்து சீட்டுக்காரர் முனகுவது கேட்குமா? கேட்காது. அப்படிக் காதில் விழாததையெல்லாம் கழித்துவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, வில்லங்கம் எங்கே? பழைய படம் ஒன்று. மூல டேப் பூஞ்சை பிடித்துப் போச்சு. மிச்சம் இருப்பது டி.வி.டி. மட்டும். ஸ்டூடியோவில் இருப்பதோ பழைய மேக் கம்ப்யூட்டர், பழைய புரோ டூல்ஸ், அதில் 'சவுண்ட் டிசைனர் 2' என்ற ரக ஃபைல்கள். டி.வி.டி. ஒலியை அந்த ரகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

முதல் வேலை, பொட்டலத்தைப் பிரிப்பது. ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரக் கூடாதே என்று, பிரிக்கிற சாஃப்ட்வேர் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கும். ஸ்டூடியோவுக்கு அந்தக் கரிசனம் ஆகாது. அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆறையும் ஆறு தனி ஃபைலாக்குவது. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். வேவ் ஃபைலில் வரிசை: இடது, வலது, நடு, சப் ஊஃபர், பின்னிடது, பின்வலது. சினிமா ஸ்டூடியோ வரிசை: இடது, நடு, வலது, பின்னிடது, பின்வலது, சப் ஊஃபர். பார்க்காமல் கொட்டினால் ஹீரோயின் வசனம் வலது ஓரத்துக்கு ஓடிவிடும். வெடிகுண்டு உங்கள் இடது பிடரியில் வெடிக்கும்!

மூன்றாவது, ஃபைலை ஒப்படைப்பது. சவுண்ட் டிசைனர் 2-ல் ஒலி ஒரு பகுதி. 'இது 48,000 வேகம், இத்தனை பிட்' என்ற விவரம் வேறொரு பகுதி. விண்டோஸ் வழியாகக் காப்பி செய்தால் விவரம் உதிர்ந்துவிடும். பெயர் எழுதாத மொய்க் கவர் மாதிரி... பணம் இருக்கும், யாருடையது என்று தெரியாது. 48,000-ஐ 44,100 என்று நினைத்து ஓட்டினால், இரண்டு மணி நேரப் படத்தின் ஒலி பத்து நிமிஷம் கூடுதலாக நீளும். ஹீரோயின் குரல் கட்டைக் குரலாகிவிடும்!

எல்லாம் சரியாகச் செய்தாச்சு. ஃபைல் பத்து மடங்கு பெரிசாயிடுச்சு. ஒலியும் பத்து மடங்கு உசத்தியா?

இல்லை சார். காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். வவுச்சரைத் தொலைத்துவிட்டு பாலன்ஸ் ஷீட்டை எவ்வளவு பெரிய தாளில் டைப் அடித்தாலும் வவுச்சர் திரும்பி வராது. கழித்தது கழித்ததுதான். அதனால் மாற்றி முடித்த கையோடு டி.வி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ரகத்தைத் திறக்கும் சாஃப்ட்வேர் குறைந்துகொண்டே வருகிறது. வேவ் வடிவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

மூல டேப் இன்னும் பிழைத்திருக்கிறதா? அப்படியானால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள்!